இடது கால் பிரேக்

ஜூன் 2

அத்தைக்கு,

உங்கள் மருமகள் எழுதுகிறேன். நலமாக இருக்கிறீர்களா? ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

மாடி வீட்டு பிளம்பருக்கு நேற்று போன் செய்தேன். "அக்காவா? காலைல கூட பால் பாக்கெட்டோட பார்த்தேனே" என்றார். உயிரோடு இருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிட்டது. நலமா என்பது பால் பாக்கெட்டைப் பார்த்தால் தெரியாது.

உங்களுக்கே போன் செய்திருக்கலாம். இரண்டு தடவை உங்கள் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசியாக நாம் போனில் பேசியது எப்படி முடிந்தது என்று உங்களுக்கும் தெரியும். அதனால்தான் கடிதம்.

ஏன் திடீரென்று கேட்கிறாய் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

விசில்


ஜூன் 7

விசிலுக்கு அத்தை எழுதுவது.

நலம். நீ கேட்ட ஒரு வரி முடிந்தது. இனிமேல் எழுதுவது நீ கேட்காதது. வேண்டாம் என்றால் இங்கேயே மடித்து வைத்துவிடு.

நீ இன்னும் அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போடுகிறாய். என் பிள்ளை வைத்த பெயர் அது. "அம்மா, அவ ஊதினாத்தான் என் வண்டி கெளம்பும், அவ ஊதினாத்தான் நிக்கும்" என்று கல்யாணமான புதிதில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பஸ் ஓட்டுகிறவனுக்குப் பெண்டாட்டிக்கு வைக்க வேறு பெயரா தோன்றும்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். துணியில் சாக்கட்டியால் அளவு குறிப்பதைத் தவிர முப்பது வருஷமாக எதுவும் எழுதியதில்லை. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் கடிதம் நல்ல யோசனைதான். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு முதலில் அழுகை வரும், பின்னாலேயே கோபம் வரும். தாளில் கோபம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

போன மாதம் இருபதாம் தேதி ஒரு பெட்டி வந்தது. அவன் பெயருக்கு. கொண்டு வந்த ஆள், "அவர் இருக்காராம்மா? கையெழுத்து வேணும்" என்றார். "இல்ல" என்றேன். "எப்ப வருவாரு?" என்றார். நானே கையெழுத்துப் போட்டேன்.

என் தையல் மிஷின் தலை எவ்வளவு கனமோ அவ்வளவு கனம். பிரித்துப் பார்த்தால், அவன் கம்ப்யூட்டர் திரையில் கார் பந்தயம் ஓட்டுவானே, அந்த மேஜைக்கு அடியில் இருக்கிற மாதிரிப் பெடல். பழையது பிளாஸ்டிக். இது முழுக்க இரும்பு. சீட்டில் போன வருஷத்து ஜூலை மாதத் தேதி போட்டிருக்கிறது. செய்து அனுப்பப் பத்து மாதம் எடுத்திருக்கிறார்கள். அவன் நம்மை விட்டுப் போன அதே வாரத்தில் கேட்டிருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொன்னானா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. நான் அந்தத் திரைக் காரை ஓட்டுகிறேன். அந்த அறையை ஒரு மாதம் பூட்டியே வைத்திருந்தேன். அப்புறம் தூசி துடைக்கத் திறந்தேன். துடைக்கும்போது கால் பட்டுத் திரை விழித்துக்கொண்டது. அவன் கார் அப்படியே ரோட்டில் நின்றது. மிதித்துப் பார்த்தேன். எனக்குக் காரும் தெரியாது ஒன்றும் தெரியாது, ஆனால் முப்பது வருஷமாக மிஷின் பெடலை மிதித்த கால் இது. தினமும் வேலை விட்டு வந்து ஐந்து மணிக்கு உட்காருவேன். ஒரு மணி நேரம். அவ்வளவுதான்.

மூன்று வாரமாக அதுவும் இல்லை. பிரேக்கைத் தொடாமலேயே கார் குலுங்குகிறது, நிற்கிறது, நகர மாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் நான் குறை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து, மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத்தான் வைக்கிறேன்.

நீ வந்து இந்தப் புதுப் பெடலை மாட்டிக் கொடு.

இது சாக்கு என்று நினைப்பாய். சாக்குதான். மாட்டுவதற்குப் பிளம்பர் போதும். எனக்கு நீ வர வேண்டும். "புருஷன் விழுந்து கெடக்கான், நீ பந்தயத்த முடிச்சிட்டு வந்திருக்க. ஆறு நிமிஷம்!" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் பார்க்கக் கத்தினேன். அடுத்த வாரமே ஒரு பையை எடுத்துக்கொண்டு நீ வேலை பார்க்கிற ஊருக்கே போய்விட்டாய். போகும்போது வருகிறேன் என்றுகூட நீ சொல்லவில்லை. போ என்று நானும் சொல்லவில்லை. நீ வந்தால் அந்த இரண்டில் ஒன்றையாவது சரிசெய்யலாம்.

அத்தை


ஜூன் 13

அத்தைக்கு,

எண்ணெயா! அத்தை, அதற்கு எண்ணெய் விடவே கூடாது. பழைய பெடலுக்குள் திருகுவது போல ஒரு சின்னப் பாகம் இருக்கிறது. கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அதுதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எண்ணெய் இறங்கினால் அது உளறும். ஒன்பது மாதம் வாராவாரம் நாலு சொட்டு விட்டால் அது என்ன பாவம் செய்யும். படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடையில் பக்கத்தில் லென்ஸ் தேய்க்கிற அக்கா திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்து அவள் பார்த்ததே இல்லையாம்.

ஏன் எழுதினேன் என்று இப்போது சொல்கிறேன்.

என் போனில் அவர் பெயர் இருக்கிறது. பந்தயத்துக்காக வைத்துக்கொண்ட பெயர். எப்போதும் கடைசியில் வருவதால் "கடைசி பஸ்" என்று வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? அந்த மேஜையில் யாராவது உட்கார்ந்து ஓட்டினால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். போன ஆகஸ்டில் ஒரு நாள் ஐந்து மணிக்கு அது எரிந்தது. மறுநாளும் எரிந்தது. தினமும்.

நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். வேறு யார் அந்த வீட்டில். ஆனால் புள்ளி எரிகிற முதல் நொடியில் தெரியாது அத்தை. அந்த ஒரு நொடிக்காக ஒன்பது மாதம் ஐந்து மணிக்குக் கையைக் கழுவிவிட்டு வந்து போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்களிடம் கேட்டால் நீங்கள் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவீர்கள் என்று கேட்கவில்லை.

மே பதினெட்டாம் தேதி எரியவில்லை. பெடல் கெட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி ஒரு தடவை நினைத்தது போதும் என்று உடனே தோன்றியது. ஆனாலும் பதினைந்து நாள் தைரியம் வரவில்லை. என் லட்சணம் அது.

பெடல் வாங்கியதை என்னிடமும் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம், "பழசே போதும், பாதி ரப்பர் பந்தை வெட்டிப் பின்னாடி சொருகி நல்லாத்தானே வச்சிருக்கீங்க" என்று நான்தான் தடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் வரவில்லை. கேட்காதீர்கள். எப்படி மாட்டுவது என்று எழுதுகிறேன். பழைய பெடலின் வயரை உருவிவிட்டு, மேஜைக்கு அடியில் இருக்கும் பலகையில் நாலு போல்ட்டைக் கழற்றுங்கள். புதியதற்குத் துளை பொருந்தாது, வேறு போட வேண்டும். பெட்டியில் பிரேக்குக்கு மூன்று ரப்பர் துண்டு இருக்கும். உங்களுக்கு மிக மிருதுவானது போதும்.

முக்கியமானது ஒன்று. பழையது கால் போகிற தூரத்தை அளந்தது. புதியது கால் அழுத்துகிற பலத்தை அளக்கும். அதனால் மிதித்தால் இறங்காது. கெட்டுவிட்டது என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வர வேண்டாம்! மாட்டியதும் திரையில் ஒரு கோடு வரும். பயந்துபோய் மிதிப்பது போல ஒரு தடவை மிதியுங்கள். அதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

விசில்


ஜூன் 24

விசிலுக்கு,

மாட்டியாயிற்று. நடந்ததைக் கேள்.

பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். பெட்டியைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல தண்ணி எங்கிருந்து வரும்?" என்றார்.

"தண்ணி வராது. கார் வரும்."

"காரா? நம்ம லைன் இல்லியே" என்று சொல்லிக்கொண்டே டிரில்லை எடுத்தார். துளை போட்டு, போல்ட் முடுக்கி, வயர் சொருகி, ஒன்றரை மணி நேரம். முதலில் அவரே உட்கார்ந்து மிதித்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். "என்னக்கா, இது பிரேக்கா, சுவரா?" என்றார். நீ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். "அளக்குதா? என்னத்த அளக்குது, என் வயசையா?" என்று எழுந்துகொண்டார்.

நான் உட்கார்ந்தேன். நீ சொன்ன மாதிரி பயந்துபோய் மிதித்தேன். பிரேக் அசையவில்லை, நாற்காலி பின்னால் ஓடியது. அடியில் சக்கரம் வைத்த நாற்காலி அல்லவா. நேராக அலமாரியில் போய் முட்டி, மேலே இருந்த அவன் ஹெல்மெட் என் மடியில் விழுந்தது. பிளம்பர் சிரித்த சிரிப்பில் அவர் பெண்டாட்டி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு யோசித்தேன். வேலை செய்கிற இடத்தில் ஸ்கூல் பைக்குத் தைக்கிற தடித்த நாடா இருக்கிறது. இரண்டு கஜம் கேட்டு வாங்கி வந்து, நாலு வரித் தையல் போட்டு, நாற்காலிக் காலையும் மேஜைக் காலையும் சேர்த்துக் கட்டினேன். இப்போது எவ்வளவு மிதித்தாலும் நகராது. இந்த யோசனை உன் கடிதத்தில் இல்லை, பார்த்தாயா?

மறுபடி மிதித்தேன். முப்பத்தொன்று என்று காட்டியது. கிலோ என்று மறுபடி எட்டிப் பார்த்த பிளம்பரின் பெண்டாட்டி சொன்னாள். பயத்தில் என் கால் முப்பத்தொரு கிலோ. அவன் கால் எவ்வளவு இருந்திருக்கும்? உனக்குத் தெரியுமா? பழைய பெடலுக்குள் எங்காவது எழுதி வைத்திருக்குமா? அதைத் தூக்கிப் போடவில்லை. பந்தோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

நீ மூன்று ரப்பர் என்றாய். நாலு இருந்தது. மிருதுவானது மட்டும் இரண்டு.

முதல் நாள் ஓட்டியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சொன்னபடி கேட்கிறது. லேசாக அழுத்தினால் லேசாக, நன்றாக அழுத்தினால் நன்றாக. பழையதில் பாதி நேரம் அது இஷ்டத்துக்கு நிற்கும். என் பிள்ளை இந்த ஒரு சுகத்தை அனுபவிக்காமல் போய்விட்டான் என்று நினைத்தேன். மூன்று வருஷம் அந்த ஓட்டை பெடலோடு மல்லுக்கட்டிக் கடைசியில் வந்தான்.

நான் ஓட்டுகிறபோது உன் போனில் பச்சை எரிகிறது என்று எழுதினாயே, அது தெரிந்த பிறகு நான் தலை சீவிக்கொண்டுதான் உட்காருகிறேன். புள்ளியில் தலை தெரியாது என்று எனக்குத் தெரியும்.

பெடல் வேலை முடிந்துவிட்டது. இனி எனக்குச் சாக்கு இல்லை. வா.

அன்றைக்கு நான் கத்தியதை நீ ஒரு கடிதத்திலும் சொல்லவில்லை. நீ பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அத்தை


ஜூலை 2

அத்தைக்கு,

சனிக்கிழமை உங்களோடு ஓட்டியது நான்தான். பின்னால் மஞ்சள் கார். நீங்கள் பயப்படக் கூடாது என்று தள்ளியே வந்தேன். இரண்டாவது வளைவில் நீங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வருவது போல ஓரம் கட்டி வருகிறீர்கள். ஆனால் நன்றாக வருகிறீர்கள்.

அவர் கால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பழையதற்கும் தெரியாது. அதற்குத் தூரம்தான் தெரியும், பலம் தெரியாது. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. துணியில் சுற்றி வைத்திருப்பதை அவிழ்க்க வேண்டாம்.

கத்தியதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் ஏன் பதிலுக்குக் கத்த வேண்டும். நீங்கள் சொன்னது சரிதானே.

அன்று என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. யாரும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். வியாழக்கிழமை. எனக்கு நாலு மணிக்கு ஷிப்டு முடிந்தது. இங்கே என் அறையில் மேஜையில் திருகிய சின்ன ஸ்டீரிங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் அங்கே. நடுவில் முந்நூறு கிலோமீட்டர். காதில் அவர் பேச்சு. டிப்போவில் ஒருவர் ரிவர்ஸ் எடுத்து வாட்ச்மேன் ஸ்டூலை நசுக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்துச் சுற்றுப் பந்தயம். எட்டாவது சுற்றில் அவர் எனக்கு முன்னால் போனார். அதிசயம் அது. அப்புறம் ஒரு வளைவுக்கு முன்னால் அவர் கார் அப்படியே நின்றது.

அது எத்தனையோ தடவை நின்றிருக்கிறது அத்தை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது நிற்கும். உடனே மேஜைக்கு அடியில் குனிந்து வயரை ஆட்டுவார். அப்போது காதில் ஒன்றும் கேட்காது. அன்றும் கேட்கவில்லை. "என்ன சார், மறுபடி பெடலா? கடைசி பஸ் பிரேக்டவுனா?" என்றேன். ஊதிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனேன். வாயால் விசில் அடித்துக்கொண்டு. இரண்டு சுற்று மிச்சம் இருந்தது. ஜெயித்தேன். ஜெயித்துவிட்டு, "போதும் எழுந்திருங்க" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். அப்புறம்தான் பிளம்பருக்குப் போன் செய்தேன். கார் நின்று ஆறு நிமிடம் ஆகிவிட்டது, பந்தயம் முடிந்தும் அவர் பேசவில்லை என்று அவரிடம் சொன்னேன், அவர்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பார்.

ஆறு நிமிடம். நீங்கள் சொல்லாமலே எனக்கு எண்ணத் தெரியும்.

நல்ல பெடலாக இருந்திருந்தால், கார் நின்றால் அது பெடல் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்கும். வாங்க விடாமல் தடுத்தவள் நான். நீங்கள் கத்தியது பாதிதான். மீதியை இங்கே தினமும் நானே கத்திக்கொள்கிறேன்.

அந்த அறைக்கு வந்து அந்த நாற்காலியைப் பார்க்க என்னால் முடியாது. ஐந்து மணிக்கு மஞ்சள் காரில் வருகிறேன். அவ்வளவு வருகிறேன். அது போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசில்


ஜூலை 8

விசிலுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதையும் கிழிப்பதற்குள் ஒட்டிவிட வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று ஐந்து மணிக்கு ஓட்டும்போது எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. நீ பின்னால் வந்துகொண்டிருந்தாய். இப்போது நான் நடு ரோட்டில் காரை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். நீ பதறிப்போய் அடுத்த பஸ் பிடித்து வந்துவிடுவாய். நிச்சயம் வருவாய். பெடலில் காலை வைத்துவிட்டேன். அப்புறம் அந்தக் கார் நின்றதிலிருந்து பஸ் ஏறுகிற வரைக்கும் உனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். காலை எடுத்துவிட்டேன். நாலு சுற்று ஒழுங்காக ஓட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். உன்னை வரவழைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. அது வேண்டாம். அதற்குப் பதில் உண்மையைச் சொல்கிறேன். இதைப் படித்த பிறகு நீ வராமலே போகலாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீ அப்போது இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். "நெஞ்சு வலி இல்லம்மா. கால்ல ரத்தம் கட்டி, அது மேல போய் அடைச்சிருக்கு. ரொம்ப நேரம் உக்காந்தே இருக்கறவங்களுக்கு வரும். கால் வீங்கி இருந்துச்சா, வலின்னு சொன்னாரா?" என்றார்.

நான் இல்லை என்றேன்.

அன்று காலை டூட்டிக்குக் கிளம்பும்போது, "இடது கால் கெண்டை இழுக்குதும்மா" என்றான். இடது காலால்தானே அவன் அந்தப் பிரேக்கை மிதிப்பான். "அந்தப் பந்து சொருகின சனியன மிதிச்சு மிதிச்சு வர்ற வலிடா. ஒரு வாரம் மிதிக்காம இரு" என்றேன். ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து எண்ணெய் தேய்த்து நீவிவிட்டேன். நன்றாக அழுத்தி நீவினேன். நீவக் கூடாதாம். அப்படிக் கட்டியதை நீவவே கூடாதாம். அதையும் அந்த டாக்டர்தான் சொன்னார், அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். நான் அவர் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில், "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா?" என்று கேட்டேன். "இல்லம்மா. உக்காந்த இடத்துலயே முடிஞ்சிருக்கு. பக்கத்துல நானே இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார்.

அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் நீ ஓடி வந்தாய். உன்னைப் பார்த்து, ஆறு நிமிஷம் என்று கத்தினேன்.

ஏன் கத்தினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கையில் அவன் கால் எண்ணெய் வாசனை அப்போதும் இருந்தது. யாராவது ஒருத்தி தப்புச் செய்திருக்க வேண்டும், அது நானாக இருக்கக் கூடாது. நீ முன்னால் வந்தாய். அவ்வளவுதான். நீ ஒன்றும் செய்திருக்க முடியாது என்று தெரிந்தே பதினோரு மாதம் உன்னை அந்த ஆறு நிமிஷத்தில் உட்கார வைத்தேன்.

பெட்டியில் இருந்த சீட்டில் அவன் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறான். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். அப்படியே எழுதுகிறேன்: "இப்போது இருக்கும் பிரேக் இடது காலைக் கொல்கிறது. நாலு நாளாகக் கெண்டைக்கால் வீக்கம். மிருதுவான ரப்பர் ஒன்று கூடுதலாக வைக்கவும்." தேதி ஜூலை 14. அவனும் பெடல் என்றுதான் நினைத்திருக்கிறான். அதற்காகத்தான் புதியது கேட்டிருக்கிறான். பத்து மாதம் ஆகும் என்று சொன்னதற்குச் சரி என்றிருக்கிறான்.

வா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்கிற வாய் இல்லை. ஐந்து மணிக்கு உட்காருவேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் உட்காருவேன். நான் நலமா என்று நீ தெரிந்துகொள்ள வேண்டுமே, அதற்காக.

அத்தை


ஜூலை 13

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. மூன்று நாளாகக் கோபமாக இருந்தேன். காலை நீவியதற்கு இல்லை. டாக்டர் சொன்னதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டதற்கு. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஐந்து மணிக்குப் பச்சை எரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், மஞ்சள் காரை எடுக்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அவர் போவதற்கு நாலு நாள் முன்னால். நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அவர் சோபாவில் நீட்டிப் படுத்து என் மடியில் காலைப் போட்டார். இடது காலில் சாக்ஸின் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, மேலே வரவே இல்லை. "என்னங்க இது, ஒரு கால் உங்களுது, ஒரு கால் யானையோடதா?" என்றேன். "உன் சமையல்டி" என்றார். சிரித்தோம். நானும் நீவிவிட்டேன் அத்தை. அவர் தூங்குகிற வரை நீவினேன்.

இதை ஒரு வருஷமாக நான் நினைக்கவே இல்லை. உங்கள் கடிதம் வராவிட்டால் நினைத்திருக்கவே மாட்டேன். அதற்கு உங்களைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

வியாழனுக்கும் வெள்ளிக்கும் லீவு கேட்டிருக்கிறேன். வியாழன் காலை பஸ். அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருகிறீர்கள், அதனால் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். முடியாவிட்டால் சமையலறையில் இருந்துகொள்கிறேன்.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா தெரியாது. பின்னால் வந்தால் பிரிக்க வேண்டாம். இதில் இருப்பதை அதற்குள் நான் வாயால் சொல்லியிருப்பேன். நீங்கள் கத்துவீர்கள். இந்தத் தடவை நானும் கத்துவேன். ஆனால் பையைத் தூக்க மாட்டேன்.

விசில்